'டி' எழுத்து கண் சிமிட்டினால்...

கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டி, திருமங்கலம் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது. மீட்டரில் அதுவரை சமத்தாக எரிந்துகொண்டிருந்த 'டி' என்ற எழுத்து திடீரென்று கண் சிமிட்ட ஆரம்பித்தது. கூடவே பக்கத்தில் மஞ்சள் கலரில் இன்ஜின் படம் போட்ட விளக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது யாரோ பின்னாடியிருந்து காலால் எட்டி உதைத்த மாதிரி ஒரு ஜெர்க்.

ஓட்டிக்கொண்டிருந்தவர் திருமங்கலம் பக்கத்தில் உரக்கடை வைத்திருப்பவர். வண்டியை ஓரங்கட்டினார். இன்ஜினை அணைத்தார், மறுபடி போட்டார். டி சிமிட்டவில்லை. "அப்பாடா" என்று கிளம்பி அரை கிலோமீட்டர் போவதற்குள் மறுபடியும் சிமிட்டல்.

இது ஏதோ பணக்காரர் வீட்டுப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு ஒரு பைக் விபத்தில் இடது காலில் பிளேட் வைத்திருக்கிறது. கிளட்ச் மிதித்து ஓட்ட முடியாது. 2013-ல் அவர் கார் தேடியபோது, கிளட்ச் இல்லாத கார் என்றால் கையில் இருந்த பணத்துக்குப் புதுசாகக் கிடைப்பது ரொம்பக் கம்மி. மாருதி செலேரியோ வந்து, ஏஎம்டி என்ற மலிவான ஆட்டோமேட்டிக் நம்ம ஊரில் பரவ ஆரம்பித்ததே 2014-ல்தான். அதனால் ஜப்பானில் முழுசாகத் தயாராகி, கப்பலில் வந்து இறங்கின ஒரு பெட்ரோல் எஸ்.யு.வி.யை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். கம்பெனி பேர் இங்கே வேண்டாம், எல்லாக் கம்பெனிக்கும் பொருந்துகிற கதைதான் இது.

"பாரின் கார்" என்றதும் துபாய்க்காரர் யாரோ கொண்டுவந்தது என்று நினைப்போம். அது அவ்வளவு சுலபமில்லை. ஓட்டிய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் அது தயாராகி 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். அதற்கு மேல் காரின் விலையைத் தாண்டுகிற அளவுக்கு வரி. ஆகவே மதுரை ரோட்டில் ஓடுகிற இறக்குமதி கார்களில் பெரும்பாலானவை, கம்பெனியே புதுசாக இறக்கி ஷோரூமில் விற்று, பிறகு இரண்டு மூன்று கை மாறி வந்தவைதான்.

அப்படிக் கை மாறும்போது விலை தடதடவென்று இறங்கும். காரணம், இன்ஜின் மேல் இருக்கிற பயம்கூட இல்லை. கியர் பாக்ஸ் மேல் இருக்கிற பயம்! "ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் போச்சுன்னா கார் விலைக்கே செலவு வச்சிரும்ணே" என்று எல்லோரும் சொல்வார்கள். உரக்கடைக்காரருக்கும் சொன்னார்கள். அந்தப் பயத்தால்தான் அவருக்கு அந்தக் கார் கட்டுப்படியான விலைக்குக் கிடைத்தது. இத்தனை வருஷம் கழித்து அதே பயம் இப்போது அவர் வீட்டு வாசலில்.

முதலில் போனது தெரிந்த மெக்கானிக்கிடம். அம்பாசிடர் காலத்து ஆள், காதை வைத்தே பேரிங் எது போச்சு என்று சொல்லக்கூடியவர். அவர் செய்த முதல் காரியம், பேட்டரி வயரைக் கழற்றி ஐந்து நிமிஷம் கழித்து மாட்டியது. விளக்கு போய்விட்டது. "அவ்வளவுதாண்ணே, கம்ப்யூட்டர் குழம்பியிருக்கும்" என்றார். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் தெப்பக்குளம் பக்கத்தில் மறுபடி சிமிட்டல், மறுபடி உதை.

அடுத்து மதுரையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். அங்கே ஒருத்தர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ் இறக்கணும் சார். இறக்கினா பெரும்பாலும் மாத்துற மாதிரிதான் இருக்கும்" என்று ஒரு எஸ்டிமேட் நீட்டினார். பல லட்சம். அந்தக் காரை அன்றைக்கு விற்றால்கூட அவ்வளவு வராது. உரக்கடைக்காரர் தாளை மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். காரை விற்றால் நஷ்டம், வைத்துக்கொண்டால் அதைவிட நஷ்டம், கார் இல்லாவிட்டால் தானாக எங்கேயும் போக முடியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அந்த விளக்கு உண்மையில் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஆட்டோமேட்டிக் காரில் கியர் மாற்றுவது ஒரு கம்ப்யூட்டரின் வேலை. எவ்வளவு வேகம், ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிக்கிறார்கள், ஆயில் எவ்வளவு சூடு என்று பல சென்சார்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கும். சோலினாய்டு என்கிற சின்ன மின்சார வால்வுகளைத் திறந்து மூடி, ஆயில் அழுத்தத்தைச் சரியான கிளட்சுக்கு அனுப்பும். அனுப்பிய பிறகு, "போய்ச் சேர்ந்ததா?" என்று சரிபார்க்கும். எதிர்பார்த்த பதில் வரவில்லை என்றால் அதை ஒரு எண்ணாகக் குறித்து வைத்துக்கொண்டு விளக்கைப் போடும். சில கார்களில் பல்சக்கரப் படம், சிலவற்றில் ஸ்பேனர் படம், சில ஜப்பான் கார்களில் டி எழுத்து சிமிட்டுவது. கோளாறு பெரிசாகத் தெரிந்தால் ஒரே கியரில் நிறுத்திக்கொண்டு, "மெல்லமா வீடு போய்ச் சேரு" என்று விட்டுவிடும்.

அந்த எண்ணைத்தான் ஃபால்ட் கோடு என்கிறார்கள். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்ற பொது முறை கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-ல் வந்தது. இந்தியாவில் ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். ஆனால் அதற்கு முன்பே வெளிநாட்டிலிருந்து வந்த பல கார்களில் அந்த வசதி உள்ளேயே இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் கையை விட்டுத் தடவினால் 16 ஓட்டை உள்ள ஒரு பிளக் தட்டுப்படும். பல ஓனர்களுக்கு அது இருப்பதே தெரியாது!

கோடுக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. முதலில் ஒரு எழுத்து, பிறகு நான்கு இலக்கம். 'பி' என்றால் இன்ஜின், கியர் பாக்ஸ் சம்பந்தப்பட்டது. 'யு' என்றால் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதில் சிக்கல். எழுத்துக்கு அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு, 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு. அதற்கு அடுத்தது 7 அல்லது 8 ஆக இருந்தால் சமாச்சாரம் கியர் பாக்ஸ் பக்கம். பி 0715 என்றால் கியர் பாக்ஸுக்குள் வரும் வேகத்தை அளக்கும் சென்சார் சர்க்யூட். பி 0740 என்றால் டார்க் கன்வர்ட்டர் கிளட்ச் சர்க்யூட். பி 0730 என்றால் கியர் விகிதம் கணக்குக்கு ஒத்துவரவில்லை. பி 0700 என்றால்... அதுதான் வேடிக்கை. "கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஏதோ புகார் இருக்கிறது, அதனிடமே போய்க் கேட்டுக்கொள்" என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம்!

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போடுவோம் இல்லையா? பி 0700 அந்த சஸ்பென்ஸ் அக்கவுண்ட் மாதிரி. எங்கேயோ தப்பு இருக்கிறது என்று சொல்லும், எந்த என்ட்ரியில் என்று சொல்லாது. அதற்காக யாரும் லெட்ஜரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவதில்லை. உட்கார்ந்து தேடுவார்கள்.

முதல் மெக்கானிக் பேட்டரி வயரைக் கழற்றினாரே, அதில் நடந்தது என்னவென்றால், கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்த குறிப்பு பெரும்பாலும் அழிந்துபோனது. கோளாறு வந்த நொடியில் என்ன வேகம், இன்ஜின் எவ்வளவு சூடு என்று சேர்த்து எழுதி வைக்கிற விவரமும் கூடவே போச்சு. நோய் அப்படியே இருக்க, நோயாளியின் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்ட கதை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்தத் தலைமுறை வண்டிகளில் கிழிக்க ரிப்போர்ட்டே கிடையாது.

உரக்கடைக்காரரின் அக்கா மகன் ஒரு ஓபிடி டாங்கிள் வாங்கிக்கொண்டு வந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. அதை மாட்டி போனில் பார்த்தால் வந்தது ஒரே கோடு, பி 0700. மலிவான டாங்கிள்களில் இது ஒரு தொல்லை. இன்ஜின் கம்ப்யூட்டரோடு பேசும், கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரோடு எல்லாக் காரிலும் பேசாது. ஆனாலும் அந்த ஒரு வரி ஒரு உதவி செய்தது. "மாமா, இறக்குறதுக்கு முன்னாடி பெரிய ஸ்கேனர்ல ஒரு தடவை பாத்துருவோம்" என்றான் பையன்.

பைபாஸ் ரோடு பக்கத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன். முப்பது வயசுகூட இருக்காது. அவர் ஸ்கேனரை உடனே மாட்டவில்லை. முதலில் பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்தார்.

"எதுக்கு தம்பி பேட்டரியப் பாக்குறீங்க? கோளாறு கியர்லல்ல இருக்கு?"

"அண்ணே, கரண்டு குறைஞ்சா எல்லா சென்சாரும் பொய் சொல்லும். பொய்ய நம்பி வேலை பாக்கக் கூடாதுல்ல..."

நல்ல பேட்டரி சும்மா நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.5-லிருந்து 14.5 வரை கொடுக்க வேண்டும். அது சரியாக இருந்தது. அடுத்து கியர் ஆயில் டிப் ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தார். ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தாலோ, மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தாலோ உள்ளே கிளட்ச் தேய்கிறது என்று அர்த்தம். இதில் நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, தீய்ந்த வாடை இல்லை, தூள் இல்லை. அதற்கு அப்புறம்தான் ஸ்கேனர். பி 0700-க்குக் கீழே இன்னொரு கோடு வந்தது. பி 0847.

மூன்றாவது கியர் கிளட்சுக்குப் போகும் ஆயில் அழுத்தத்தைச் சொல்கிற ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. அந்த சர்க்யூட்டில் சிக்கல் என்பதுதான் இந்தக் காரில் அந்தக் கோடு. அழுத்தம் வந்தால் ஸ்விட்ச் மூட வேண்டும், போனால் திறக்க வேண்டும். இங்கே அழுத்தம் இல்லாத நேரத்திலும் மூடியே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஏன் உதைத்தது என்பதும் இப்போது விளங்குகிறது. கிளட்ச் பிடித்துவிட்டதா இல்லையா என்று கம்ப்யூட்டருக்கே தெரியவில்லை.

இங்கேதான் முக்கியமான விஷயம். கோடு "ஸ்விட்ச் கெட்டது" என்று சொல்லவில்லை, "சர்க்யூட்டில் சிக்கல்" என்றுதான் சொல்கிறது. ஸ்விட்சாகவும் இருக்கலாம், அதற்குப் போகும் வயர் உரசி பாடியில் எர்த் ஆகியும் இருக்கலாம். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? எலக்ட்ரீசியன் கியர் பாக்ஸ் வெளிப்பக்கம் இருந்த அந்த ஸ்விட்சின் கப்ளரைக் கழற்றிவிட்டார். கோடை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அழித்தார். கப்ளர் இல்லாமலே ஒரு ரவுண்டு ஓட்டினார். ஸ்விட்ச் கழன்றிருப்பதால் இப்போது "சர்க்யூட் திறந்திருக்கு" என்று வேறு கோடு வர வேண்டும். பழைய கோடே திரும்ப வந்தால் வயரில் தப்பு. பழசு வராமல் புதுசு வந்தால் வயர் நல்ல வயர், ஸ்விட்ச்தான் குற்றவாளி.

வந்தது புதுசு. பி 0848.

"ஸ்விட்ச் மட்டும்தாண்ணே. பெட்டிய இறக்க வேண்டியதில்ல."

கையில் அடங்குகிற ஒரு சாமான். கியர் பாக்ஸ் விலையோடு சேர்த்துப் பேசவே முடியாத விலை. ஊரில் ஸ்டாக் இல்லாமல் வெளியூரிலிருந்து வர ஒரு வாரம் ஆனது. கூடவே கம்பெனி சொன்ன அதே வகை கியர் ஆயிலையும் மாற்றினார்கள். (ஆட்டோமேட்டிக்கில் "ஏதாவது ஒரு சிவப்பு ஆயில்" ஊற்றினால் அப்புறம் உண்மையாகவே பெட்டியை இறக்க வேண்டி வரும்!)

நம்ம ஊர் வண்டிகளில் கியர் விளக்கு எரிய ஊருக்கே உரிய காரணங்கள் சில இருக்கின்றன. வயலை ஒட்டின வீடுகளில் நிற்கும் கார்களுக்கு எலி. அது கடிக்கிற வயர் ஹார்ன் வயரா கியர் வயரா என்று பார்த்துக் கடிப்பதில்லை. அடுத்து மழைத் தண்ணீர். 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் செல்லூர் பக்கம் தெருவெல்லாம் ஆறாக ஓடியது நினைவிருக்கும். அந்த மாதிரித் தண்ணீரில் இறங்கின கார்களுக்குக் கப்ளரில் பச்சை பூத்து, மாசக்கணக்கு கழித்து 'யு' கோடாக வெளியே வரலாம். அடுத்து வெயில். சித்திரை மாதத்தில் கோரிப்பாளையம் நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருந்தால் டார்க் கன்வர்ட்டரில் ஆயில் சூடாகும், காற்றோட்டமும் இருக்காது. ஆயில் சூடு விளக்கு வந்தால் ஓரங்கட்டி, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஆற வைப்பதுதான் வழி. பிடிவாதமாக ஓட்டினால் அது கோளாறாகவே மாறும்.

எல்லா விளக்கும் ஸ்விட்ச்சோடு போய்விடும் என்று சொல்ல வரவில்லை. ஆயிலில் தூள் இருந்து, இன்ஜின் கத்தியும் வண்டி நகராமல், பி 0730-ம் சேர்ந்து வந்தால் பயப்படத்தான் வேண்டும். தயாரித்தவர்களே கோட்டைவிட்ட கதையும் உண்டு. ஃபோக்ஸ்வேகன் கம்பெனி 2013 நவம்பரில் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் இருந்தது 7 கியர் டிஎஸ்ஜி பெட்டி. வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான இடங்களில், உள்ளே ஊற்றியிருந்த சிந்தெட்டிக் ஆயிலால் மின்சாரக் கோளாறு வந்து வண்டி இழுவை இழக்கலாம் என்று தெரிந்தது. தீர்வு, அதை வடித்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றுவது! அதே வருஷம் மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களை இந்தப் பெட்டிக்காகத் திரும்ப அழைத்திருந்தார்கள். பெரிய பெட்டி, உள்ளே நூறு பல்சக்கரம், ஆனால் வில்லன் என்னவோ ஆயில்.

1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் செகண்ட் ஹேண்ட் கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மக்கர் பண்ணும் காரை அமெரிக்காவில் 'லெமன்' என்பார்கள். (நம்ம ஊரில் எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்கி, மக்கர் பண்ணாமல் இருக்க வேண்டுகிறோம் :-)) விற்பவனுக்குக் காரைப் பற்றித் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாக் காரையும் மட்டமாகவே மதிப்பான், கடைசியில் நல்ல காரை வைத்திருப்பவன் சந்தைக்கே வரமாட்டான் என்பது அவர் சொன்னது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். ரிப்பேர் கடையிலும் இதே கணக்குதான். எஸ்டிமேட் போடுகிறவருக்கும் காசு கொடுக்கிறவருக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தெரியாமைக்குத்தான் பல லட்சம் விலை. அந்த விலையைக் குறைத்தது ஒரு கோடும், அதை எழுதி வைத்த ஒரு துண்டுத் தாளும்.

ஸ்விட்ச் மாற்றின அன்றைக்கு உரக்கடைக்காரர் திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி வரைக்கும் சும்மாவே ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது கியர் விழுந்ததே தெரியவில்லை. டி எழுத்து சமத்தாக எரிந்தது. ஆனாலும் வழி முழுக்க ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் மீட்டரிலும்தான் இருந்தது.

திரும்பி வரும் வழியில் பழைய மெக்கானிக் கடையில் நிறுத்தினார். அந்த எஸ்டிமேட் தாளின் பின்பக்கத்தில் எலக்ட்ரீசியன் எழுதிக் கொடுத்த மூன்று கோடுகளையும் காட்டினார். மெக்கானிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான் வயரக் கழட்டாம இருந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், இல்லண்ணே?"

உரக்கடைக்காரர் அதற்குப் பதில் சொல்லவில்லை. டீ சொன்னார். டீ வருவதற்குள் மெக்கானிக் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"அந்த டாங்கிளு எம்புட்டுண்ணே வரும்?"